சுண்ணாம்புச் சுவர்களுக்குள்

ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. பீட்டர் சான்ரெடாம் 1649இல் வரைந்தது. ஹாலந்தின் அசென்டெல்ஃப்ட் என்ற கிராமத்துத் தேவாலயத்தின் உட்புறத்தைக் காட்டுகிறது. தரை தொடங்கிக் கூரை வரை வெளிச்சம். வெள்ளையடித்த சுவர்கள், வெள்ளையடித்த தூண்கள், வண்ணமில்லாத கண்ணாடி ஜன்னல்கள். சொரூபம் இல்லை, மெழுகுவர்த்தி இல்லை, பலிபீடம் இல்லை. தள்ளி ஒரு பிரசங்க பீடம். அதைச் சுற்றி மனிதர்கள் சிறிதாக, தரையோடு தரையாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஓவியத்தில் நடக்கும் ஒரே காரியம் கேட்பதுதான்.

முதல் பார்வைக்கு அது காலி செய்யப்பட்ட வீடுபோலத் தோன்றும். அந்தச் சுவர்களில் ஒரு காலத்தில் புனிதர்கள் இருந்தார்கள். சீர்திருத்தக்காரர்கள் அவர்களை இறக்கிவிட்டுச் சுண்ணாம்பு பூசினார்கள். ஆனால் இத்தனை நூற்றாண்டுகளாக அப்படிப்பட்ட சுவர்களுக்குள் பிறந்து, ஜெபித்து, அடக்கமானவர்கள் வெறுமையை வழிபட்டவர்கள் இல்லை. கண்ணுக்குக் கொடுத்துவந்த இடத்தை அவர்கள் காதுக்குக் கொடுத்தார்கள். அந்த இடமாற்றம் எத்தகைய உள்வாழ்க்கையை உருவாக்கியது என்பது அக்கறையோடு பார்க்க வேண்டிய விஷயம். ஏனெனில் கால்வினியம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரே ஒரு கோட்பாடுதான்: யார் மீட்கப்படுவார், யார் மீட்கப்படமாட்டார் என்பதைக் கடவுள் முன்னமே குறித்துவிட்டார் என்ற முன்குறித்தல். அதோடு கதவை மூடிவிடுகிறார்கள்.

ஜான் கால்வினின் பெருநூலான ‘கிறிஸ்தவ சமய அடிப்படைகள்’ 1536இல் பாசெல் நகரில் வெளிவந்தபோது ஆறே அத்தியாயங்கள். வாழ்நாள் முழுக்க அதை விரித்துக்கொண்டே போனார். 1559இன் கடைசி லத்தீன் பதிப்பில் நான்கு பகுதிகள், எண்பது அத்தியாயங்கள். அதில் முன்குறித்தலைப் பற்றிய விவாதம் நூலின் தொடக்கத்தில் இல்லை. மூன்றாம் பகுதியில் இருபத்தொன்றாம் அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய இருபதாம் அத்தியாயம் முழுக்க ஜெபம். நூலின் மிக நீண்ட அத்தியாயங்களுள் அதுவும் ஒன்று. ஜெபத்தில் முழந்தாளிட்டு எழுந்தவருக்குத்தான் அந்தக் கடினமான கதவு திறக்கப்படுகிறது. இந்த வரிசையைக் கவனிக்காமல் வாசிப்பவர் கால்வினிடம் ஒரு தர்க்கவாதியை மட்டுமே காண்பார்.

அவருடைய வாழ்க்கையே தன் விருப்பத்துக்கு மாறாக நடத்திச்செல்லப்பட்டவரின் வாழ்க்கை. 1509இல் வட பிரான்சின் நுவாயோன் ஊரில் பிறந்து, சட்டம் படித்து, புத்தகங்களோடு ஒதுங்கி வாழ விரும்பிய மனிதர். 1536 கோடையில் ஸ்ட்ராஸ்பர்க் நோக்கிப் பயணப்பட்டார். போரினால் நேர்வழி அடைபட்டிருந்தது. சுற்றுவழியில் ஜெனீவாவில் ஓர் இரவு தங்கப்போனார். அங்கே சீர்திருத்தப் பணியில் தனியாகத் தவித்துக்கொண்டிருந்த கியோம் ஃபரேல் அவரைப் பிடித்துக்கொண்டார். வேண்டிப் பார்த்தும் இளைஞர் மசியவில்லை என்றதும், நீ தேடும் அந்த அமைதியைக் கடவுள் சபிக்கட்டும் என்ற பொருளில் மிரட்டினார். கால்வின் நடுங்கிப்போய் அங்கேயே தங்கினார். இரண்டு ஆண்டுகளில் நகரம் அவரைத் துரத்தியது. 1540இல் அதே நகரம் திரும்ப அழைத்தது. போக மனமில்லை. இருந்தும், நான் எனக்குச் சொந்தமானவன் இல்லை என்ற நினைப்போடு தன் இதயத்தைக் கடவுளுக்குப் பலியாகக் கொடுப்பதாக ஃபரேலுக்கு எழுதினார். நீட்டிய கை ஒன்றின் மேல் ஓர் இதயம் என்ற சித்திரம் அவருடைய முத்திரையானது.

திரும்பி வந்து பிரசங்க பீடத்தில் ஏறிய நாளில் தன்னைத் துரத்தியவர்களைப் பற்றி ஒரு சொல் பேசுவார் என்று நகரம் எதிர்பார்த்திருக்கும். அவரோ 1538இல் எந்த வேத வசனத்தில் விட்டுப்போனாரோ, அதற்கு அடுத்த வசனத்திலிருந்து விளக்கத்தைத் தொடர்ந்தார்.

தான் தனக்குச் சொந்தமில்லை என்பதுதான் கால்வினிய ஆன்மிகத்தின் அடிநாதம். மற்றவை அதிலிருந்து கிளைப்பவை. சொந்தமில்லாதவனுக்குத் தன்னை நிரூபிக்கவேண்டிய பாரம் இல்லை. சொந்தமில்லாதவன் தன்னிஷ்டத்துக்கு வாழவும் முடியாது. விடுதலையும் ஒழுங்கும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. கிறிஸ்து தனக்கு வெளியே நிற்கும்வரை அவர் செய்தது எதுவும் மனிதனுக்குப் பயன்படாது, தூய ஆவியால் அவரோடு இணைக்கப்படும்போதே அது தன்னுடையதாகிறது என்று கால்வின் போதித்தார். திருவிருந்தில் நடக்கும் அந்த இணைப்பை விளக்க முற்பட்ட இடத்தில், இதை அறிவதைவிட அனுபவிப்பதே தனக்கு ஆகும் என்ற விதத்தில் ஒப்புக்கொண்டு நின்றுவிடுகிறார். வறண்ட பகுத்தறிவாளர் எழுதக்கூடிய பக்கம் இல்லை அது. வாரந்தோறும் திருவிருந்து நடக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். நகர மன்றம் ஆண்டுக்கு நான்கு முறைக்குமேல் சம்மதிக்கவில்லை.

ஆகவே வாராவாரம் எஞ்சியது வார்த்தை. கால்வின் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நாள்தோறும் பிரசங்கித்தார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்கள் தனி. வேதாகமத்தின் ஒரு புத்தகத்தை எடுத்தால் முதல் வசனத்தில் தொடங்கிக் கடைசி வசனம்வரை விடமாட்டார். யோபு புத்தகத்துக்கு 159 பிரசங்கங்கள், உபாகமத்துக்கு 200. எழுதி வைத்துக்கொண்டு படிப்பதில்லை. பிரெஞ்சு அகதிகள் 1549இல் தெனி ரகெனியே என்ற சுருக்கெழுத்தாளரைச் சம்பளத்துக்கு அமர்த்தி அவற்றைப் பதிவுசெய்தார்கள். கடைசிக் காலத்தில் மூட்டுவாதமும் சிறுநீரகக் கல்லும் நுரையீரல் நோயும் வாட்டியபோது அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டுபோய்ப் பீடத்தில் அமர்த்தியதுண்டு. ரகெனியே எழுதிய தொகுதிகளில் பெரும்பாலானவற்றை 1805இல் ஜெனீவா நூலகம் பழைய தாள் விலைக்கு எடைபோட்டு விற்றுவிட்டது. சில மட்டுமே பிற்பாடு மீட்கப்பட்டன.

கேட்பது மட்டும் போதாது, பதில் சொல்லவும் வேண்டும். அந்தப் பதில்தான் வேதாகமத்தின் சங்கீதப் புத்தகம்.

ஸ்ட்ராஸ்பர்க்கில் நாடுகடந்து வாழ்ந்தபோது, 1539இல், பிரெஞ்சு மொழியில் செய்யுளாக்கிய சில சங்கீதங்களை இசைக்குறிப்போடு கால்வின் அச்சிட்டார். அரசவைக் கவிஞர் கிளெமான் மரோ தொடங்கிய மொழியாக்கத்தைத் தியோடர் பேசா முடித்தார். லூயி பூர்ஷுவா முதலியோர் மெட்டமைத்தார்கள். 1562இல் 150 சங்கீதங்களும் அடங்கிய ஜெனீவா சங்கீத நூல் வெளிவந்தது. தேவாலயத்துக்குள் வாத்தியம் இல்லை, பல குரல் அடுக்குகள் இல்லை. ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் ஒரே மெட்டை ஒரே குரலில் பாடினார்கள். முதலில் பிள்ளைகளுக்குப் பாடம்பண்ணிவைத்து, அவர்கள் பாட, பெரியவர்கள் கேட்டுக் கற்கவேண்டும் என்பது கால்வினின் பழைய யோசனை. அதுவரை பாடகர் குழுவும் குருமாரும் லத்தீனில் பாடக் கேட்டு நின்ற கூட்டம் இப்போது வாய்திறந்தது.

சங்கீதத்தைத் தேர்ந்ததில் ஆழமான காரணம் இருந்தது. அந்தப் புத்தகத்தில் மனிதன் கடவுளிடம் நன்றி சொல்கிறான். அதே மூச்சில் கோபிக்கிறான், ஏன் கைவிட்டீர் என்று கேட்கிறான், எதிரியைச் சபிக்கிறான், படுக்கையைக் கண்ணீரால் நனைக்கிறான். மனித ஆன்மாவின் எல்லா உறுப்புகளையும் அறுத்துக் காட்டும் நூல் என்ற கருத்தில் கால்வின் அதைப் பற்றி எழுதினார். 1557இல் வெளியான சங்கீத விளக்கவுரையின் முன்னுரையில்தான், தன்னைப் பற்றி அதிகம் பேசாத அந்த மனிதர் தன் மனமாற்றத்தையும் கலக்கங்களையும் ஓரளவு வெளிப்படையாகச் சொன்னார். 1542இல் பிறந்த ஒரே மகன் ழாக் சில நாட்களிலேயே இறந்தான். மனைவி இடலெட் 1549இல் இறந்தார். உணர்ச்சியற்றவர் என்று பெயரெடுத்தவர் தன் சபைக்குக் கொடுத்த ஜெபப் புத்தகம், உணர்ச்சியின் எந்த மூலையையும் கடவுளிடமிருந்து மறைக்கத் தேவையில்லை என்று கற்பிக்கும் புத்தகம்.

ஜெபம் புரிந்த மொழியில் இருக்கவேண்டும் என்பதில் சீர்திருத்தக்காரர்கள் எவ்வளவு பிடிவாதமாக இருந்தார்கள் என்பதை ஜெனீவாவின் சபை நீதிமன்றப் பதிவேடுகள் காட்டுகின்றன. போதகர்களும் பன்னிரண்டு மூப்பர்களும் வியாழக்கிழமைதோறும் கூடினார்கள். எதிரே வந்து நிற்பவரிடம், உனக்குக் கர்த்தருடைய ஜெபம் தெரியுமா, பிரெஞ்சில் சொல் என்பார்கள். முதிய பெண்கள் பலருக்கு லத்தீனில் அம்மா சொல்லிக்கொடுத்த மரியாயின் வாழ்த்துதான் வாயில் வந்தது. போய்க் கற்றுக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். மனைவியை அடித்த கணவன், பெற்றோரைக் கவனிக்காத மகன், பேச்சுவார்த்தை இல்லாத அண்டை வீட்டார் எல்லோரும் அங்கே வரவேண்டியிருந்தது. திருவிருந்துக்கு முன் சண்டைக்காரர்களைக் கைகோக்க வைப்பது அந்தச் சபையின் முக்கிய வேலை.

இந்தக் கண்காணிப்பில் அன்பும் இருந்தது, மூச்சுமுட்டலும் இருந்தது. ஒருவனின் ஆன்மா அவன் சொந்த விவகாரம் மட்டும் இல்லை, சமூகம் முழுக்க அதற்குப் பொறுப்பு என்ற எண்ணம் எளிதில் எல்லை மீறும். மிகேல் செர்வெத்துஸ் என்ற ஸ்பானிய மருத்துவர் திரித்துவத்தை மறுத்தார். 1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவின் ஷாம்பெல் மேட்டில் உயிரோடு எரிக்கப்பட்டார். வழக்கைத் தூண்டியவர் கால்வின். எரிப்பதற்குப் பதிலாகத் தலையை வெட்டலாம் என்று கேட்டார், மரண தண்டனையை எதிர்க்கவில்லை. முன்பு கால்வினோடு ஜெனீவாவில் பணியாற்றிய செபாஸ்தியான் காஸ்தெல்லியோ, ஒரு மனிதனைக் கொல்வதால் எந்தக் கோட்பாடும் காக்கப்படுவதில்லை என்று வாதாடினார். அவர் சொன்னதே சரி. 350 ஆண்டுகள் கழித்து, 1903இல், கால்வினின் வழிவந்தவர்களே ஷாம்பெலில் பிழையை ஒப்புக்கொண்டு கல் நாட்டினார்கள். இந்த ஆன்மிகத்தைப் பற்றி எழுதுபவர் எவரும் அந்தக் கல்லைச் சுற்றிப்போக முடியாது.

அதே மரபு பத்தே ஆண்டுகளில் வேறொரு குரலில் பேசியது. 1563இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் வெளியான வினாவிடை நூலில் 129 கேள்விகள். ஆண்டின் 52 ஞாயிறுகளுக்கும் பங்கிட்டிருக்கிறார்கள். முதல் கேள்வி கடவுள் யார் என்பதன்று. வாழ்விலும் சாவிலும் உனக்கு ஆறுதல் எது என்பது. பதிலின் சாரம், நான் எனக்குரியவன் இல்லை, மீட்பருக்குரியவன். கால்வினின் முத்திரையில் இருந்த அதே எண்ணம் இங்கே குழந்தைகள் மனப்பாடம் செய்யும் பதிலாகிவிட்டது. நூல் மூன்று பாகங்கள்: மனிதனின் அவலம், மீட்பு, நன்றி. பத்துக் கட்டளைகளின் விளக்கத்தை அவலத்தின் பாகத்தில் வைக்காமல் நன்றியின் பாகத்தில் வைத்தார்கள். ஜெபமும் அங்கேதான். கட்டளையைக் கைக்கொள்வது கடவுளின் தயவை வாங்குவதற்கான கூலி இல்லை, ஏற்கெனவே வாங்கிக்கொண்ட கொடைக்குத் திருப்பிச் சொல்லும் நன்றி. கால்வினிய வீடுகளின் சிக்கனம், நேரம் தவறாமை, கடும் உழைப்பு ஆகியவற்றை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அச்சத்தின் விளைவாக எண்ணுகிறார்கள். உள்ளே இருந்து வாழ்ந்தவர்களில் பலருக்கு அவை நன்றியின் நடைமுறை.

அச்சமும் இருந்தது என்பதை மறைக்கலாகாது. 1618 நவம்பர் முதல் 1619 மே வரை டோர்ட் நகரில் கூடிய பேரவை, முன்குறித்தலை மையமாக வைத்து ஐந்து தலைப்புகளில் தீர்ப்பெழுதியது. வீடு, ஊர், நாடு இழந்த அகதிகளுக்கு அந்தக் கோட்பாடு தலையணையாக இருந்தது: அரசன் என்ன செய்தாலும் என் பெயர் எழுதப்பட்ட இடத்தில் அவன் கைவைக்க முடியாது. பாதுகாப்பான வீட்டில் உட்கார்ந்து யோசித்தவர்களுக்கோ அதுவே முள்ளானது. என் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா? உன் தெரிந்தெடுப்பை உனக்குள் தேடாதே, கிறிஸ்து என்ற கண்ணாடியில் பார் என்று கால்வின் எச்சரித்திருந்தார். இங்கிலாந்தின் பியூரிட்டன்களில் பலர் உள்ளேதான் தேடினார்கள். நாட்குறிப்பு எழுதி ஒவ்வொரு நாளின் எண்ணத்தையும் கணக்குப் பார்த்தார்கள். 1904-05இல் மாக்ஸ் வேபர் இந்தக் கவலையிலிருந்தே முதலாளியத்தின் உழைப்பு மனோபாவத்தை விளக்க முயன்றார். அந்த வாதம் இன்றும் முடியவில்லை.

அந்தக் கவலையைக் கதையாக்கியவர் ஜான் பனியன். பெட்ஃபோர்ட் பக்கத்தில் பாத்திரத்துக்கு ஈயம் பூசிப் பிழைத்தவர், அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தார். 1678இல் அவர் வெளியிட்ட பயணக் கதையில், முதுகில் சுமையோடு ஓடும் மனிதனின் பாரம் சிலுவையடியில் தானாகக் கழன்று உருண்டு விழுகிறது. அவன் அதை அவிழ்க்கவில்லை. தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என்ற பெயரில் கிறிஸ்தவ வீடுகளில் பல தலைமுறைகள் படித்த புத்தகம் அது. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, அதைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியம் பாடினார். 1894இல் அது வெளிவந்தது. அருளே முதலில் வருகிறது, மனிதன் பின்னால் வருகிறான் என்ற பெட்ஃபோர்டின் நம்பிக்கை, கம்பனில் ஊறிய விருத்தங்களில் தமிழ் பேசத் தொடங்கியது.

உலகத்தை வெறுப்பதும் இந்த மரபின் அடையாளம் என்று சொல்வதுண்டு. கால்வினின் பக்கங்கள் அதற்கு ஒத்துழைப்பதில்லை. உணவைக் கடவுள் பசிக்காக மட்டும் படைக்கவில்லை, சுவைக்காகவும் படைத்தார் என்கிறார். பூவின் நிறமும் மணமும், தங்கத்தின் மினுக்கமும், வைன் தரும் மகிழ்ச்சியும் தேவைக்கு மேற்பட்ட கொடைகள் என்கிறார். படைப்பு கடவுளின் மகிமை அரங்கேறும் மேடை. மனிதன் அதன் பார்வையாளன். சுவரிலிருந்து படத்தை இறக்கியவர், ஜன்னலுக்கு வெளியே இருப்பதைப் பார்க்கச் சொல்லவே வண்ணக் கண்ணாடியை எடுத்தார் என்று கூடத் தோன்றும். மடத்துக்குள் துறவியாகப் போவதுதான் அழைப்பு என்ற பழைய எண்ணத்தை விட்டு, செருப்புத் தைப்பதும் வழக்காடுவதும் பிள்ளை வளர்ப்பதும் அழைப்பே என்று அவர்கள் கொண்டார்கள். சபைக்குப் போதகர், ஆசிரியர், மூப்பர், டீக்கன் என்று நான்கு பணிகளை 1541இன் சட்டம் வகுத்தது. ஏழைகளையும் நோயாளிகளையும் கவனிப்பது டீக்கன்களின் வேலை. பிரான்சிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு வாடகை, விதவைக்கு உதவிப்பணம், தொழிலாளிக்குக் கருவி என்று கொடுக்க ஒரு நிதி இருந்தது. தெனி ரகெனியேக்குச் சம்பளம் கொடுத்ததும் அதே அகதி நிதிதான்.

துன்பத்தில் இந்த ஆன்மிகம் எப்படி நின்றது என்பதற்கு ஒரு பெண்ணின் பெயர் போதும். மரி துரான், தென் பிரான்சின் விவாரே பகுதியைச் சேர்ந்தவர். பதினான்காம் லூயி 1685இல் சீர்திருத்தச் சபையைத் தடைசெய்த பிறகு, பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகளான ஹியூகனோக்கள் காடுமேடுகளில் ரகசியமாகக் கூடி வந்தார்கள். மரியின் அண்ணன் அப்படிப்பட்ட போதகர். 1732இல் மோன்பெலியேயில் தூக்கிலிடப்பட்டார். தங்கையை அதற்கு முன்பே, 1730இல், ஏக்-மோர்த் ஊரின் கோன்ஸ்தான்ஸ் கோபுரத்தில் அடைத்தார்கள். அப்போது அவருக்கு இருபதுக்குள் வயது. வெளியே வர ஒரே வழி, நம்பிக்கையை மறுதலித்து ஒரு வார்த்தை சொல்வது. 38 ஆண்டுகள் அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. 1768இல் விடுதலையானார். அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்களில் அண்ணன் மகள்மீது பாசம் இருக்கிறது, உதவி அனுப்பியவர்களுக்கு நன்றி இருக்கிறது, வலி இருக்கிறது. கோபுரத்தின் கல்லில், எதிர்த்து நில் என்ற பொருள்படும் ஒற்றைச் சொல் கீறப்பட்டிருக்கிறது. அவர் கீறியது என்பது மரபு.

அந்த நினைவு வீணாகவில்லை. 1940இல் பிரான்ஸ் நாஜிகளிடம் வீழ்ந்தபோது, லெ ஷாம்போன் என்ற மலைக் கிராமத்தின் போதகர் அந்த்ரே த்ரொக்மே, ஆவியின் ஆயுதங்களால் எதிர்க்கவேண்டும் என்று பிரசங்கித்தார். ஹியூகனோ வழிவந்த விவசாயிகள் யூதக் குழந்தைகளையும் பெரியவர்களையும் ஆயிரக்கணக்கில் தங்கள் வீடுகளிலும் களஞ்சியங்களிலும் ஒளித்துவைத்தார்கள். தாங்களும் ஒரு காலத்தில் ஒளிந்திருந்தவர்கள் என்பதை அந்த ஊர் மறக்கவில்லை. இதற்கு நேரெதிராக, அதே கால்வினிய மரபின் பெயரால் தென்னாப்பிரிக்காவில் இனஒதுக்கல் நியாயப்படுத்தப்பட்டது. அதை வேதப்புரட்டாக அறிவித்துப் பெல்ஹார் அறிக்கையை 1982இல் எழுதியவர்களும் அதே மரபின் கலப்பினச் சபையைச் சேர்ந்தவர்கள். தெரிந்தெடுக்கப்பட்டவன் என்ற எண்ணம் பணிவையும் வளர்க்கும், இறுமாப்பையும் வளர்க்கும் என்பதை ஒரே நாட்டின் வரலாறு காட்டிவிட்டது.

கால்வின் 1564 மே 27 அன்று இறந்தார். அடையாளக் கல் வேண்டாம் என்பது அவருடைய ஏற்பாடு. பிளான்பாலே மயானத்தில் சாதாரண மனிதர்களோடு புதைத்தார்கள். எந்த இடம் என்று இன்று எவருக்கும் தெரியாது.

சான்ரெடாமின் ஓவியத்துக்குத் திரும்பினால், வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் முதலில் தவறவிடும் ஒன்று முன்தரையில் இருக்கிறது. கல்லறைப் பலகை. அதில் செதுக்கியிருக்கும் பெயர் ஓவியருடைய தகப்பனாருடையது. அவரும் கலைஞர், செப்புத் தகட்டில் படம் செதுக்கியவர். 1607இல் அவர் இறந்தபோது மகனுக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு மகன், தான் பிறந்த ஊரின், சிலையும் படமும் இல்லாத அந்தக் கோயிலின் தரையில் தகப்பனுடைய பெயரை எழுத்து எழுத்தாக வரைந்திருக்கிறார். தள்ளி, தூண்களுக்கு அப்பால், பிரசங்கம் நடந்துகொண்டிருக்கிறது.